சத்தம், தொடுகை, சாப்பாடு, ஓட்டம்: சென்ஸரி சிக்கல் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குபவர். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), டவுன் சிண்ட்ரோம், வளர்ச்சித் தாமதம் என்று பலவிதப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊரும் வயதும் வேறாக இருந்தாலும் அப்பா அம்மாக்களின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தெரபி முடிந்து செருப்பு மாட்டும் அவசரத்தில் முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்து எழுதியிருக்கிறேன். கேள்விகளுக்கு எண் இருக்கிறது. ஓரிடத்தில் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. "ரிப்போர்ட்ல சென்ஸரி இஷ்யூன்னு எழுதியிருக்காங்க. அப்படின்னா என்னங்க?"

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் வழியாக வருவதையெல்லாம் மூளை ஓயாமல் தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில் முதுகில் சட்டை உரசுவதும் தலைக்கு மேல் ஃபேன் ஓடுவதும் உங்களுக்குத் தெரிவதில்லை. தேவையில்லை என்று மூளை தள்ளிவைத்துவிட்டது. சில பிள்ளைகளுக்கு இந்தத் தள்ளிவைக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. சட்டை, ஃபேன், பக்கத்து வீட்டு டிவி, அம்மாவின் குரல் எல்லாம் ஒரே பலத்தோடு வந்து மோதும். வேறு சிலருக்கு நேர்மாறு: பட வேண்டியதுகூடச் சரியாகப் படாது. அதனால் அவர்கள் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று தேடிப் போவார்கள்.

ஐம்புலன்களோடு இன்னும் மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். உள்காதில் இருக்கும் சமநிலைப் புலன், ஆடுவதையும் சாய்வதையும் சுற்றுவதையும் சொல்லும். தசையிலும் மூட்டிலும் இருக்கும் புலன், கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்று சொல்லும். மூன்றாவது, உடம்புக்குள்ளிருந்து பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, வயிற்றுவலி ஆகியவற்றைச் சொல்லும் புலன். பெற்றோர் கொண்டுவரும் புகார்களில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் இருக்கும். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் 1960, 70களில் இதையெல்லாம் ஒரு கோட்பாடாக வகுத்தார். இன்று 'சென்ஸரி இன்டெக்ரேஷன்' என்று நடக்கும் தெரபிக்கு அதுதான் வேர்.

2. "இது தனி வியாதியா? ஆட்டிசம் இருந்தாத்தான் வருமா?"

தனி நோயாக இது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் (2013) 'சென்ஸரி புராசசிங் டிஸார்டர்' என்ற பெயரில் ஒரு நோய் கிடையாது. ஆனால் புலன்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அதே பதிப்பில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் ஆட்டிசத்தை அளவிடும் ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்வி அளவுகோலிலும் ஆறு பிரிவுகளில் ஒன்று புலன் சார்ந்தது. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே சத்தத்துக்கு நடுங்கும் குழந்தைகள் வருகிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இது மிக அதிகம். அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்ததில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இருந்தது. ஏடிஎச்டி, டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், குறைமாதப் பிறப்பு எனப் பிற நிலைகளிலும் பார்க்கிறோம். எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கும் ஓரளவு இருக்கலாம். அதனால் 'சென்ஸரி' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் அதோடு நிறுத்தாதீர்கள். பேச்சு, பழகும் விதம், கவனம், விளையாட்டு எல்லாவற்றையும் குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவர் முழுதாகப் பார்க்க வேண்டும்.

3. "மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்கிட்டு அலறுறான். ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான். இவனுக்குக் காது கேக்குதா இல்லையா?"

முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். பேச்சு வராத குழந்தைக்கும் பெரா பரிசோதனை (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளப்பது) செய்யலாம், தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். சத்தத்துக்குப் பயப்படுகிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

காது நன்றாக இருந்தால், நீங்கள் பார்ப்பது முரண்பாடு அல்ல. பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் மற்றச் சத்தங்களோடு கலந்து அமுங்கிவிடுகிறது. மிக்ஸி நேராக உள்ளே போய்த் தாக்குகிறது. ஒரே பிள்ளைக்கு ஒரு புலனில் மிகையும் இன்னொன்றில் குறைவும் இருக்கும். ஒரே புலனிலேயே காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். தூக்கம் கெட்ட நாள், பசி, சளி, மலச்சிக்கல் எல்லாம் அளவை மாற்றும்.

மிக்ஸியைப் பொறுத்தவரை, சத்தத்தைவிட அது திடீரென்று வருவதுதான் பல பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை. "மிக்ஸி போடப் போறேன், அஞ்சு எண்ணினதும் நின்னுடும்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். மூடியை நீங்கள் பிடித்துக்கொண்டு சுவிட்சை அவனையே போட்டு அணைக்கச் சொல்லிப் பாருங்கள். மிக்ஸிக்கு அடியில் தடிமனான துணியை நாலாக மடித்துப் போட்டால் அதிர்வு குறையும். குக்கர் விசில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை அவன் பள்ளிக்குப் போன பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

4. "புதுத் துணி போட்டா கழட்டி எறியுறா. யூனிஃபார்ம் போடவே தினமும் சண்டை."

எங்கே உறுத்துகிறது என்று விரலால் தடவித் தேடுங்கள். கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபிளைக் கத்தரியால் வெட்டிவிட்டேன் என்பார்கள். தையலை ஒட்டி ஒரு நூலளவு விறைப்பான விளிம்பு மிஞ்சியிருக்கும்; முழு லேபிளைவிட அது மோசமாகக் குத்தும். தையலையே பிரித்து எடுக்க வேண்டும். அப்புறம் அக்குள் தையல், இடுப்பு எலாஸ்டிக், சாக்ஸின் விரல்நுனித் தையல், ஜிகினா வேலைப்பாட்டின் பின்பக்கம். புதுத் துணியை நாலைந்து முறை துவைத்துவிட்டுப் போடுங்கள். உள்ளே பழைய பனியன் போட்டு மேலே யூனிஃபார்ம் போட்டால் பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். அதே நிறத்தில் பருத்தித் துணி எடுத்துத் தைத்துக்கொள்ள அனுமதி கேட்டால் பெரும்பாலான பள்ளிகள் மறுப்பதில்லை. சாக்ஸ் இல்லாமல் வரவும் கேளுங்கள்.

5. "முடி வெட்டுறது, நகம் வெட்டுறது, தலைக்கு ஊத்துறது... ஒவ்வொண்ணும் போர்க்களமா இருக்கு."

லேசான தொடுகைதான் இந்தப் பிள்ளைகளுக்குத் தாங்க முடியாதது. அழுத்தமான தொடுகை ஆறுதல் தரும். பயந்து பயந்து மெதுவாகத் தொடுகிறோமே, அது நிலைமையை மோசமாக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது விரல்நுனியால் தடவாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். நகம் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு விரலையும் அழுத்திப் பிடித்துவிடுங்கள். குளித்த பிறகு நகம் ஊறியிருக்கும்போது வெட்டுங்கள். தலையில் ஊற்றும்போது கண்ணில் தண்ணீர் வழிவதுதான் பெரிய பயம். ஒரு துண்டை மடித்துக் கண்ணின் மேல் அவனே பிடித்துக்கொள்ளட்டும், தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள்.

முடி வெட்டும் கடைக்கு வார நாளில் காலையில், கூட்டம் இல்லாதபோது போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். மெஷின் வேண்டாம், கத்தரி போதும் என்று முன்பே பேசிவையுங்கள். தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் வேண்டாம். கழுத்தில் கட்டும் துணிக்குப் பதிலாக வீட்டுத் துண்டு கொண்டுபோங்கள், உடனே மாற்ற ஒரு சட்டையும் வேண்டும். கழுத்தில் ஒட்டிய முடிதான் வீடு வரும்வரை அழவைக்கும். முதல் இரண்டு தடவை வெட்டாமல் சும்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் வெற்றிதான்.

குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவது பற்றிப் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நாலு பேர் கையையும் காலையும் பிடித்து அமுக்கிப் போடும் மொட்டையை நான் பலமாக எதிர்க்கிறேன். பிள்ளை திமிறும்போது கத்தி பட்டுக் காயமாகும், அடுத்த சில மாதங்களுக்கு யாரையும் தலையைத் தொட விட மாட்டான். வேண்டுதலைத் தள்ளிப்போடலாம். கூட்டமில்லாத நாளில் போகலாம். ஒரு பூமுடி மட்டும் கொடுத்து நிறைவேற்றும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது, பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

6. "நாள் முழுக்க ஓடுறான், குதிக்கிறான், சோபாவுல போய் மோதுறான். அடக்கவே முடியல. எனர்ஜியைக் குறைக்க வழி இருக்கா?"

தசை, மூட்டுப் புலனுக்குப் போதுமான செய்தி வராததால் அவன் உடம்பே அதைத் தேடுகிறது. அடக்கினால் தேடல் நிற்காது, வேறு இடத்தில் வெடிக்கும். தேடுவதை நாமே முறையாகக் கொடுத்துவிட வேண்டும். தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, பிசைவது எல்லாம் இதற்கு உதவும். அரை வாளித் தண்ணீர் தூக்கிவந்து செடிக்கு ஊற்றட்டும். சப்பாத்தி மாவைப் பிசையட்டும். ஈரத் துணியை முறுக்கிப் பிழியட்டும். மளிகைப் பையைப் படியேறிக் கொண்டுவரட்டும். பள்ளிக்குக் கிளம்பும் முன்பும், வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன்பும் பத்துப் பதினைந்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு உட்காரவைத்துப் பாருங்கள்.

ஊஞ்சலும் நல்லது. நேராக முன்னும் பின்னும் மெதுவாக ஆடுவது அமைதிப்படுத்தும். தட்டாமாலை சுற்றுவது உசுப்பிவிடும். தூங்கும் நேரத்துக்கு முன் சுற்றவிடாதீர்கள். சேலையில் தூளி கட்டினால் குழந்தையைத் தனியே விட்டு நகரவே கூடாது. கழுத்து சிக்கி உயிர் போகும் ஆபத்து உண்டு. வலிப்பு உள்ள பிள்ளைக்குச் சுற்றும் விளையாட்டை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், டிராம்போலைன் எல்லாம் மருத்துவர் சரி என்ற பிறகுதான்.

7. "சட்டைக் காலர் எப்பவும் வாயிலதான். இப்ப மண்ணு, சுவத்துச் சுண்ணாம்பெல்லாம் திங்க ஆரம்பிச்சுட்டா."

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். காலரைக் கடிப்பது தாடைத் தசைக்கான தேடல். மென்று தின்னக் கொடுங்கள்: கேரட், தட்டை, காய்ந்த சப்பாத்தி, கெட்டியான லஸ்ஸியை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது. தொண்டையில் அடைக்கும் வயதென்றால் கடிப்பதற்கென்றே விற்கும் சிலிகான் பொருள் போதும்.

மண், சுண்ணாம்பு தின்பதைச் சென்ஸரி என்று மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவில் இப்படி வரும். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். பழைய பெயின்ட் உதிர்வதைத் தின்றால் ஈயம் உடம்பில் சேரும். அதை மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்.

8. "வெள்ளைச் சோறு, அப்பளம், ஒரே கம்பெனி பிஸ்கட். வேற எதுவும் வாயில வைக்க மாட்டேங்கிறான். பட்டினி போட்டா வழிக்கு வருவான்னு சொல்றாங்களே?"

பட்டினி போடாதீர்கள். சாதாரணப் பிள்ளை பசித்தால் சாப்பிடும். இவர்களில் சிலர் சாப்பிடாமலே இருந்துவிடுவார்கள். பசியைச் சொல்லும் புலனே மந்தமாக இருக்கலாம் (கேள்வி 1). மூக்கைப் பிடித்து ஊட்டுவதும் வேண்டாம், இருக்கும் இரண்டு உணவும் போய்விடும்.

அவன் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சாம்பார் சாதத்தில் ஒரு வாயில் பருப்பு, அடுத்த வாயில் முருங்கைக்காய், அதற்கடுத்து ஒரு கடுகு. ஒவ்வொரு வாயும் வேறு. பிஸ்கட் எப்போதும் ஒன்றேதான். அதனால் மாற்றத்தை மிகச் சிறிதாக வையுங்கள். அப்பளம் பிடிக்கும் என்றால் அடுத்தது வேறு வடிவ அப்பளம், அப்புறம் வற்றல், அப்புறம் மொறுமொறுப்பான தோசை ஓரம். புதியதைச் சோற்றோடு கலக்காமல் தட்டின் ஓரத்தில் வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, கடித்துத் துப்புவது எல்லாம் முன்னேற்றம்தான். பிடித்த உணவில் மருந்தை மறைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவையும் தொட மாட்டான்.

எடை ஏறாமல் நின்றாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, காலை ஊன்ற மறுத்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். பழமும் காயும் அறவே இல்லாத பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

9. "இது சென்ஸரியா, வெறும் அடமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கேட்டது கிடைத்ததும் நிற்பது அடம். யாரும் பார்க்காவிட்டால் குறையும். பிள்ளை நடுவில் உங்களை ஓரக்கண்ணால் பார்க்கும். மெல்ட்டவுன், அதாவது புலன்கள் தாங்காமல் பிள்ளை உடைந்துபோவது, அப்படி இல்லை. கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும், முடிந்ததும் பிள்ளை துவண்டு போவான், சில நேரம் தூங்கியே விடுவான். அந்த நேரத்தில் புத்தி சொல்வது, அதட்டுவது, "ஏன் அழறே" என்று கேட்பது எல்லாம் மேலும் சத்தம்தான். பேச்சைக் குறைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டத்திலிருந்து நகர்த்தி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அவன் ஏற்றுக்கொண்டால் மட்டும் இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் என்ன நடந்தது, எப்படி நின்றது. ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் தினமும் பதினொரு மணிவாக்கில் வகுப்பைவிட்டு ஓடினான். பசி என்றார்கள், கணக்குப் பிடிக்கவில்லை என்றார்கள், சேட்டை என்றார்கள். டீச்சர் எழுதிய குறிப்பைப் பார்த்தபோது திங்களும் சனியும் ஓடவில்லை, மற்ற நாட்களில் ஓடினான் என்று தெரிந்தது. அவன் பெஞ்ச் சத்துணவுக் கூடத்தைப் பார்த்த ஜன்னலை ஒட்டியிருந்தது. முட்டை வேகும் நாளில் அந்த வாடை நேராக அவனுக்கு வந்தது. பெஞ்சை எதிர்ப்பக்கம் மாற்றினார்கள், ஓட்டம் நின்றது. பிள்ளையை மாற்றுவதற்கு முன் சுற்றுப்புறத்தை மாற்றுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

10. "சொந்தக்காரங்க கல்யாணம், திருவிழா, தீபாவளி... எங்கயும் கூட்டிட்டுப் போகவே முடியாதா?"

போகலாம், முழு நேரமும் இருக்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி, வாசலை ஒட்டி உட்காருங்கள். மணமகள் அறை தவிர இன்னொரு அறை சாவி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் வெளியே நடந்துவிட்டு வரலாம். முதல் நாள் மண்டபத்தின் போட்டோவைக் காட்டி, "இங்க போவோம், சாப்பிடுவோம், வந்துடுவோம்" என்று சொல்லிவையுங்கள். பந்திக்கு முதல் வரிசையிலேயே போய்விடுங்கள். அவன் சாப்பிடுவதைக் கையோடு கொண்டுபோங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் குறிக்கிறார்கள். தெருவில் அது அப்படியே நடப்பதில்லை என்றாலும் அந்த இரண்டு வேளையிலும் சத்தம் உச்சத்தில் இருக்கும். ஜன்னலைச் சாத்தி, பழகிய பாட்டைப் போட்டு, காது மறைப்பான் மாட்டி, தெருவிலிருந்து தள்ளியிருக்கும் உள்ளறையில் இருங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பெரும்பாலானவர்கள் சரவெடியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

11. "காதுல ஹெட்போன் மாட்டிப் பழக்கிட்டா அப்புறம் அது இல்லாம இருக்கவே மாட்டானே?"

நாள் முழுக்க மாட்டினால் அந்த அபாயம் உண்டு. எப்போதும் அமைதியிலேயே இருக்கும் காதுக்குச் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தெரியத் தொடங்கும். பஸ் நிலையம், மண்டபம், பள்ளி ஆண்டு விழா என்று தெரிந்த இடங்களில் மாட்டி, வெளியே வந்ததும் கழற்றிப் பையில் வையுங்கள். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் அல்ல, சத்தத்தைத் தடுக்கும் காது மறைப்பான் வேண்டும்.

12. "கையை உதறுறான், சுத்திச் சுத்தி வர்றான். பார்க்கிறவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. நிறுத்திடலாமா?"

யாருக்கும் காயம் இல்லை, படிப்பையும் சாப்பாட்டையும் கெடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பதற்றத்தைத் தணிக்கவும் சந்தோஷத்தைக் காட்டவும் அது அவனுக்குத் தேவைப்படுகிறது. கையைப் பிடித்து நிறுத்தினால் பதற்றம் உள்ளேயே தங்கும். பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், சின்ன வயதில் தங்களை இப்படி அடக்கியது எவ்வளவு வலித்தது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கு நாம் காது கொடுக்க வேண்டும்.

13. "தலையில தானே அடிச்சுக்கிறான். இதுவும் சென்ஸரிதானா?"

முதலில் வலியைத் தேடுங்கள். பல்லில் சொத்தை, காதில் சீழ், மலச்சிக்கல், சைனஸ், தலைவலி. பேசத் தெரியாத பிள்ளை வலிக்கிற இடத்தையே அடிப்பான். எந்தப் பழக்கமும் திடீரென்று தொடங்கினாலோ கூடினாலோ தெரபிக்கு முன் குழந்தை மருத்துவர், பல் மருத்துவர். கண்ணை விரலால் குத்திக்கொண்டே இருந்தால் கண் மருத்துவர். நேற்றுவரை போன பள்ளிக்கு இன்று போக மறுத்தால், உடம்பைத் தொடவிடாமல் சுருண்டால், யாராவது துன்புறுத்தியிருக்கலாம் என்ற சாத்தியத்தையும் மனத்தில் வைத்து விசாரியுங்கள்.

மாறாக, சிலருக்கு அடிபட்டாலும் வலி தெரியாது. எலும்பு முறிந்து மறுநாள்வரை நடந்த பிள்ளைகள் உண்டு. ராத்திரி குளிக்கவைக்கும்போது உடம்பை ஒருமுறை தலைமுதல் பாதம்வரை பாருங்கள். வெந்நீரின் சூட்டை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

14. "அஞ்சு வயசாச்சு, இன்னும் டாய்லெட் பழகல. திட்டியும் பார்த்தாச்சு, சாக்லேட்டும் கொடுத்துப் பார்த்தாச்சு."

முட்டுவதே தெரியாத பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. கடிகாரத்தைப் பார்த்து, சாப்பிட்ட இருபது நிமிடத்தில், இரண்டு மணிக்கு ஒருமுறை என்று கூட்டிப் போங்கள். அறையையும் பாருங்கள்: ஃபிளஷ் சத்தம், பினாயில் வாடை, ஈரத் தரை, காலுக்குப் பிடிமானம் இல்லாமல் தொங்கும் உயரம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள். ஃபிளஷை அவன் வெளியே போன பிறகு அழுத்துங்கள். மலம் இறுகியிருந்தால் முதலில் அதற்கு வைத்தியம்.

15. "தெரபிக்குப் போனா முழுசா சரியாயிடுமா? எவ்வளவு நாள் ஆகும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்ஸரி இன்டெக்ரேஷன் தெரபி பற்றிய ஆராய்ச்சி முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. 2013இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 32 பிள்ளைகளில் தெரபி பெற்றவர்கள் பெற்றோர் குறித்த இலக்குகளில் நன்றாக முன்னேறினார்கள். 2022இல் பிரிட்டனில் 138 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், எரிச்சல், கோபம் போன்ற நடத்தையில் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2012இல், இந்தத் தெரபிகளைச் செய்து பார்க்கலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்றே கூறியது. இந்தத் தொழிலில் இருக்கும் நானே இதை மறைப்பது நியாயமாகாது.

அதனால் இலக்கை நீங்கள் குறியுங்கள். 'சென்ஸரி சரியாகணும்' என்பது இலக்கல்ல. 'பல் தேய்க்க இரண்டு நிமிடம் நிற்கணும்', 'பள்ளிப் பிரேயரில் பாதி நேரம் நிற்கணும்' என்பவை இலக்கு. மூன்று மாதத்தில் வீட்டிலோ பள்ளியிலோ மாற்றம் தெரியாவிட்டால் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத இடம், வீட்டில் செய்ய எதுவும் சொல்லித் தராத இடம் வேண்டாம்.

16. "வெயிட் போர்வை, பிரஷ் தெரபி, காதுல பாட்டு போடுற தெரபி... எதை வாங்கணும்? சென்ஸரி ரூம் போட லட்சக்கணக்கில கேக்குறாங்க."

கடன் வாங்கி எதையும் செய்யாதீர்கள். எடைப் போர்வையை 2014இல் பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் சோதித்தார்கள். தூக்கம் கூடவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சாதாரணப் போர்வையைவிட அது பிடித்திருந்தது. பிடித்தால் விழித்திருக்கும்போது மடியில் போட்டுக்கொள்ளட்டும். தானே தள்ளிவிட முடியாத குழந்தைக்குப் போடவே கூடாது, தலையை மூடக் கூடாது. 2008இல் கனடாவில் பள்ளியில் எடைப் போர்வையில் சுற்றப்பட்ட ஒரு சிறுவன் இறந்திருக்கிறான்.

உடம்பெல்லாம் பிரஷால் தேய்ப்பதற்கும், ஹெட்போனில் மாற்றியமைத்த இசை கேட்கவைப்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. வீட்டில் ஒரு மூலையில் பழைய மெத்தை, நாலு தலையணை, மேலே ஒரு போர்வையைக் கூடாரமாகக் கட்டினால் போதும். ஒரே நிபந்தனை: தண்டனையாக யாரையும் அங்கே அனுப்பக் கூடாது.

17. "ஸ்கூல்ல என்ன சொல்லிக் கேக்குறது? ஸ்பெஷலா எதுவும் செய்ய முடியாதுன்னுடுவாங்க."

காசு செலவில்லாத நாலு விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி, சுவரை ஒட்டிய இடம். மணியடிக்கும் முன் ஒரு சைகை. பீரியடுக்கு நடுவே நோட்டு அடுக்கவோ கரும்பலகை துடைக்கவோ எழுப்பிவிடுவது. வரிசையில் கடைசியில் நிற்க விடுவது. முன்னும் பின்னும் ஆள் உரசும்போதுதான் அடிதடி வரும். பெரிய நோய்ப் பெயர்களைச் சொல்லி ஆரம்பித்தால் ஆசிரியர்கள் பயந்துவிடுவார்கள். பிள்ளைக்கு எது உதவுகிறது என்று ஆரம்பியுங்கள்.

18. "சர்டிபிகேட் எடுக்கணுமா? அரசாங்கத்துல என்ன கிடைக்கும்?"

சென்ஸரி சிக்கலுக்கென்று தனியாகச் சான்றிதழ் கிடையாது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு முதலியவை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வருகின்றன. அதன்படி அடையாள அட்டை எடுக்கலாம். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள 6 முதல் 18 வயது பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி அந்தச் சட்டம் தரும் உரிமை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு வரும், தெரபிக்கும் ஒரு பகுதி உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்திலும் மதிப்பீடும் தெரபியும் கிடைக்கும்.

19. "எங்க மாமியார், நான் செல்லம் கொடுத்துத்தான் கெடுத்துட்டேன்னு சொல்றாங்க. பெரியவனானா தானா போயிடும்னும் சொல்றாங்க."

உங்கள் வளர்ப்பால் இது வந்ததில்லை. அத்தையிடம் வாதாடுவதைவிட, ஒரு நாள் தெரபிக்கு அவர்களையே பேரனோடு அனுப்பிவையுங்கள். தூளி ஆட்டுவதும், உடம்பை அமுக்கிவிட்டுக் குளிப்பாட்டுவதும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். காரணம் புரிந்த பாட்டிகள்தான் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த துணை.

தானாகப் போய்விடுமா என்றால், சிலருக்குக் குறையும், பலருக்கு உருமாறும். மிக்ஸிக்கு அலறியவன் பதினைந்து வயதில் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அதுவே நல்ல வளர்ச்சி. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வரும் முன்பே பேட் பழக்குங்கள். சில மாதம் தினமும் கொஞ்ச நேரம் உலர்ந்த பேட் வைத்துப் பழகினால் அந்த நேரத்தில் கழற்றி எறிய மாட்டாள்.

20. "பேச்சே வராத பிள்ளை. தாங்கலைன்னு எங்களுக்கு எப்படிச் சொல்லுவான்?"

இப்போதே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். ஓலமிடுவதற்கு முன் சின்னச் சின்ன அடையாளங்கள் வரும்: காது சிவப்பது, சட்டை நுனியை முறுக்குவது, நுனிக்காலில் நடப்பது, முனகல், சிரிப்பே இல்லாத ஒரு சிரிப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. கேள்வி 9இல் சொன்ன நோட்டில் இதையும் எழுதுங்கள்.

அதோடு 'போதும்' என்று காட்ட ஒரு சிவப்பு அட்டையோ கைச் சைகையோ பழக்குங்கள். நிம்மதியாக இருக்கும் நேரத்தில், அவனுக்குப் பெரிதாகப் பிடிக்காத ஒரு சின்ன வேலையின்போது தொடங்குங்கள். அட்டையை அவன் கையில் கொடுத்து உங்களிடம் நீட்டவைத்து, அந்த நொடியே வேலையை நிறுத்துங்கள். வேலைக்குக் கள்ளம் போடுகிறானோ என்று தோன்றினாலும் முதல் சில வாரங்கள் ஒவ்வொரு தடவையும் நிறுத்தத்தான் வேண்டும். நீட்டினால் நிற்கும் என்று அவனுக்கு உறுதியான பிறகு, "இன்னும் ரெண்டு, அப்புறம் போதும்" என்று வேலை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அட்டை வீட்டில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று இருக்கட்டும்.